நுண்பாய்மச் சில்லுகளில் உயிருள்ள செல்களை வளர்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்பாய்மக் கருவி என்பது எது? அதற்குள் செல் எப்படி உயிரோடு இருக்கிறது?

கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ சிலிக்கோன் ரப்பரிலோ, சில பத்து முதல் சில நூறு மைக்ரோமீட்டர் வரை அகலமும் உயரமும் கொண்ட கால்வாய்களை அமைத்து, அவற்றின் வழியே திரவத்தை வேண்டிய வேகத்தில் செலுத்தும் கருவியே நுண்பாய்மக் கருவி. ஆய்வகப் பேச்சில் அதைச் சில்லு என்கிறோம். கால்வாயின் அடித்தளத்தில் ஃபைப்ரோநெக்டின், கொலாஜன் போன்ற ஒட்டுப் புரதம் ஒன்றைப் பூசி, செல்களை உள்ளே செலுத்தி, அவை ஒட்டிப் பரவும் வரை ஓட்டத்தை நிறுத்தி வைத்து, பிறகு ஊடகத்தை, அதாவது செல்களுக்கு உணவாகும் சத்துக் கரைசலை, மெல்ல ஓடவிட வேண்டும். பாலூட்டிகளின் செல்களுக்கு வழக்கமான 37 பாகை செல்சியஸ் வெப்பமும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் இங்கும் தேவை.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே அளவை எடுத்துக்கொள்வோம்: 1 சென்டிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் அகலம், 100 மைக்ரோமீட்டர் உயரம் உள்ள ஒரு நேர்க் கால்வாய். அதன் கொள்ளளவு சரியாக 1 மைக்ரோலிட்டர். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்தக் கால்வாயைப் பற்றியவை.

செல்கள் வழக்கமான வளர்ப்புத் தட்டிலேயே நன்றாக வளர்கின்றனவே, சில்லு எதற்கு?

வளர்ப்பதுதான் நோக்கம் என்றால் தட்டே போதும், மலிவும் கூட. செல்லைச் சுற்றியுள்ள சூழலை ஆய்வாளர் தாமே வகுக்க வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் சில்லுக்குத் தேவை எழுகிறது. தட்டில் ஒரு மருந்தைச் சேர்த்தால் அது எங்கே எப்போது எந்தச் செறிவில் ஒரு செல்லை எட்டியது என்று சொல்ல முடியாது. கலக்கிய விதம், வெப்பநிலை வேறுபாட்டால் எழும் சிறு சுழற்சிகள், தட்டைத் தூக்கிய கையின் அசைவு ஆகிய அனைத்தும் அதில் பங்கு பெறுகின்றன. கால்வாய்க்குள் இவை ஏறக்குறைய இல்லாமல் போகின்றன.

இதற்குக் காரணம் பருமன். நம் கால்வாயில் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் ஓடவிட்டால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தத்தை அதன் பாகுநிலையோடு ஒப்பிடும் எண்) 0.05ஐக்கூடத் தொடாது, கொந்தளிப்பு தொடங்குவதற்கு அது 2,000ஐ ஒட்டி இருக்க வேண்டும். எனவே திரவம் எப்போதும் அடுக்கடுக்காக, சுழலின்றிப் பாய்கிறது. பக்கத்து அடுக்குகள் ஒன்றோடொன்று கலப்பது விரவலால், அதாவது மூலக்கூறுகள் தாமாகவே அலைந்து பரவுவதால் மட்டுமே. விரவலுக்கு ஆகும் நேரமோ தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. குளுக்கோஸ் போன்ற சிறு மூலக்கூறு 100 மைக்ரோமீட்டரைச் சில நொடிகளில் கடக்கும்; அதே மூலக்கூறு விரவலால் மட்டும் 1 சென்டிமீட்டரைக் கடக்கப் பத்தாயிரம் மடங்கு நேரம், அதாவது அரை நாளுக்கு மேல் ஆகும். உயரவாக்கில் எல்லாம் நொடிகளில் சமநிலை அடைய, நீளவாக்கில் நாம் வைத்த வேறுபாடு அப்படியே நிற்கிறது. இந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்துதான் சில்லுக்கு அதன் ஆற்றலைத் தருகின்றன.

இதனால் தட்டில் செய்ய முடியாத எதைச் செய்ய முடிந்திருக்கிறது?

ஒரே செல்லின் ஒரு பாதிக்கு மட்டும் மருந்து கொடுக்க முடிந்திருக்கிறது. 2001இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் வைட்சைட்ஸ், டொனால்டு இங்பர் ஆகியோரின் குழுவினர் இரத்த நுண்குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் உள்ளணிச் செல் ஒன்றின்மேல் இரு திரவ ஓடைகளை அருகருகே செலுத்தினர். ஓடைகள் கலக்கவில்லை, அவற்றின் எல்லைக்கோடு செல்லின் உடல்மீதே விழுந்தது. ஒரு பக்கத்து மைட்டோகாண்டிரியாக்கள் (செல்லுக்கு ஆற்றல் தரும் உள்ளுறுப்புகள்) ஒரு நிறச் சாயத்தையும் மறுபக்கத்தவை வேறு நிறச் சாயத்தையும் ஏற்றன. செல்லின் உட்சட்டமான ஆக்டின் இழைகளைக் குலைக்கும் லாட்ரன்குலின் என்ற பொருளை ஒரு பாதிமேல் மட்டும் ஓடவிட்டபோது, அந்தப் பாதியின் இழைகள் மட்டும் குலைந்தன. பிறகு நேரம் செல்லச் செல்ல இரு நிற மைட்டோகாண்டிரியாக்களும் செல்லுக்குள் ஒன்றோடொன்று கலந்து நகர்வதைப் பார்க்க முடிந்தது. ஒரு செல்லுக்குள் பொருள்கள் எப்படி இடம்பெயர்கின்றன என்ற கேள்வியை இவ்வளவு நேரடியாகக் கேட்கும் வழி அதற்கு முன் அரிது.

இதே கொள்கையில், செறிவு படிப்படியாக உயரும் சரிவு ஒன்றைக் கால்வாயின் குறுக்கே அமைத்து, வெள்ளை அணுக்கள் வேதிச் சமிக்ஞையை நோக்கி நகர்வதையும் மணிக்கணக்கில் பின்தொடரலாம். சரிவு நிலையாக நிற்கிறது என்பதால், செல் திரும்பியதா தயங்கியதா என்பதைச் செறிவோடு பொருத்திப் பார்க்க முடிகிறது.

சில்லு எந்தப் பொருளால் செய்யப்படுகிறது?

ஆய்வகங்களில் பெரும்பாலும் பாலிடைமெத்தில்சிலாக்சேன், சுருக்கமாகப் பி.டி.எம்.எஸ்., என்ற சிலிக்கோன் ரப்பரே பயன்படுகிறது. சிலிக்கான் வில்லையின்மேல் ஒளியுணர் பிசினால் கால்வாயின் புடைப்பு வடிவை உருவாக்கி, அதன்மேல் பி.டி.எம்.எஸ். கூழையும் அதை இறுகச் செய்யும் பொருளையும் 10க்கு 1 என்ற எடை விகிதத்தில் கலந்து ஊற்றி, குமிழிகளை வெற்றிடத்தில் நீக்கி, 60 முதல் 80 பாகை வரை வெப்பத்தில் இறுகவைத்து உரித்தெடுப்பார்கள். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற ஆக்சிஜன் வாயுவில்) சில நொடிகள் காட்டிக் கண்ணாடியோடு அழுத்தினால் இரண்டும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். 1990களின் இறுதியில் வைட்சைட்ஸின் குழு இம்முறையை எளிமைப்படுத்திய பிறகுதான், நுண்பாய்மவியல் பொறியியல் துறைகளிலிருந்து உயிரியல் ஆய்வகங்களுக்குப் பரவியது. 2000இல் ஸ்டீபன் குவேக்கின் குழு இதே ரப்பரின் நெகிழ்வைக் கொண்டு காற்றழுத்தத்தால் திறந்து மூடும் நுண் வால்வுகளைச் சில்லுக்குள்ளேயே அமைத்துக் காட்டியது.

ஒளி ஊடுருவும், ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஊடுருவும், அதிக வெப்ப நீராவியில் கிருமி நீக்கலாம் என்பவை இதன் நன்மைகள்.

அப்படியானால் மருந்துச் சோதனைக்கும் பி.டி.எம்.எஸ். ஏற்றதா?

எச்சரிக்கை தேவை. இந்த ரப்பர் நீரை வெறுக்கும் சிறு மூலக்கூறுகளைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. மருந்துகள் பலவும் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஊடகத்தில் நீங்கள் கலந்த செறிவும் செல் உண்மையில் பெற்ற செறிவும் வேறாக இருக்கும். கால்வாயில் சுவர்ப்பரப்பு மிகுதி, திரவம் குறைவு என்பதால் இழப்பு தட்டில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அது மட்டுமன்று, உறிஞ்சிய பொருளை ரப்பர் பின்னர் மெல்ல வெளியிடுவதால், மருந்தை நிறுத்திவிட்டோம் என்று எண்ணும் வேளையிலும் செல் அதைப் பெற்றுக்கொண்டிருக்கலாம். இறுகாமல் எஞ்சிய ரப்பரின் சிறு மூலக்கூறுச் சங்கிலிகள் ஊடகத்துக்குள் கசிவதும் உண்டு.

ஆகவே மருந்தின் அளவுக்கும் விளைவுக்கும் உள்ள உறவை அளக்கும் சோதனைக்குப் பாலிஸ்டைரீன், சைக்ளிக் ஓலிஃபின் பாலிமர், கண்ணாடி ஆகியவற்றால் ஆன சில்லையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அது இயலாதபோது, செல் இல்லாத சில்லு ஒன்றில் அதே மருந்தை ஓடவிட்டு, வெளிவாயில் வரும் செறிவை அளந்து அறிக்கையில் தர வேண்டும். இந்த ஒரு அளவீடு இல்லாத மருந்துச் செறிவு எண்களை நாங்கள் நம்புவதில்லை.

பிளாஸ்டிக் சில்லில் ஆக்சிஜன் சுவர் வழியே வராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே செல்லுக்கு ஆக்சிஜன் வருவது ஊடகத்தின் ஓட்டத்தில் மட்டுமே. மாறாக, ஆக்சிஜன் குறைந்த சூழலை ஆராய விரும்புவோருக்குப் பி.டி.எம்.எஸ். தடையாகிறது, வெளிக்காற்று அதன் வழியே உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

செல்களை எந்தச் செறிவில் உள்ளே செலுத்த வேண்டும்?

தட்டில் பழகியவர்கள் எதிர்பார்ப்பதைவிட மிக அதிகமாக. நம் கால்வாயின் அடித்தளம் 0.1 சதுர சென்டிமீட்டர். அதை நிரப்ப ஏறத்தாழ 10,000 செல்கள் வேண்டும். கால்வாய் கொள்வதோ 1 மைக்ரோலிட்டர்தான். மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள் கொண்ட கரைசலை ஏற்றினால் உள்ளே தங்குபவை 1,000 மட்டுமே, அதாவது தேவையில் பத்தில் ஒரு பங்கு. தளம் நிரம்ப வேண்டுமென்றால் மில்லிலிட்டருக்கு ஒரு கோடி செல்கள் தேவை. அந்தச் செறிவில் செல்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து நுழைவாயை அடைக்கும். ஆகவே 40 மைக்ரோமீட்டர் வலையில் வடிகட்டி, ஏற்றுவதற்குச் சற்று முன் மெல்லக் கலக்கிவிட வேண்டும். ஏற்றியபின் நுழைவாயிலும் வெளிவாயிலும் திரவ மட்டம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: ஒரு மில்லிமீட்டர் வேறுபாடுகூட ஓட்டத்தை உண்டாக்கி, ஒட்டாத செல்களை ஒரு முனைக்கு இழுத்துச் சென்றுவிடும்.

ஊடகத்தை எவ்வளவு வேகத்தில் ஓடவிட வேண்டும்?

இதற்கு ஒரே விடை இல்லை, ஆனால் கணக்கு உண்டு. ஓடும் திரவம் செல்லின் மேற்பரப்பை இழுக்கும் இழுவையைச் சறுக்குத் தகைவு என்கிறோம். தட்டையான கால்வாயில் அது ஓட்ட வேகத்துக்கும் பாகுநிலைக்கும் நேர் விகிதத்திலும், அகலத்துக்கும் உயரத்தின் வர்க்கத்துக்கும் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். நம் கால்வாயில் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் ஓடினால் தகைவு ஏறத்தாழ 0.007 பாஸ்கல், பெரும்பாலான ஒட்டும் செல்கள் இதைப் பொருட்படுத்தா. அதே ஓட்டத்தில் உயரத்தை மட்டும் பாதியாக்கினால் தகைவு நான்கு மடங்காகும். சில்லை வடிவமைப்பவர்கள் உயரத்தை மாற்றும்போது செல் வளர்ப்பவரிடம் சொல்லாமல் விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

தமனிகளின் உள்ளணிச் செல்கள் உடலில் 1 முதல் 2 பாஸ்கல் வரை தகைவை உணர்ந்து வாழ்பவை. ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசைப்படுவது அவற்றின் இயல்பு, ஓட்டமற்ற தட்டில் அந்த வடிவம் வருவதில்லை. நம் கால்வாயில் அவற்றுக்கு 1 பாஸ்கல் தர வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 மைக்ரோலிட்டர் ஓட வேண்டும். ஒரு நாளுக்கு அது 200 மில்லிலிட்டர் ஊடகம். ஆகவே அத்தகைய சோதனைகளில் ஊடகத்தைச் சுழற்சியாகத் திரும்பப் பயன்படுத்துவது அல்லது கால்வாயின் உயரத்தைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை. ஓட்டத்தால் செல்லின் சுரப்புகள் அடித்துச் செல்லப்படுகின்றன என்பதும் மறக்கத்தகாதது. தம்மிடையே சமிக்ஞைப் புரதங்களைப் பரிமாறி வாழும் ஸ்டெம் செல்கள் போன்றவற்றுக்கு, உணவு போதுமாக இருந்தும் வேகமான ஓட்டம் கெடுதலாகலாம்.

ஓட்டமே இல்லாமல் வளர்க்கலாமா?

வளர்க்கலாம், ஆனால் ஊடகத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். தட்டில் செல்களின்மேல் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஊடகம் நிற்கிறது, இங்கே 0.1 மில்லிமீட்டர். அதே செல்களுக்கு இருபது முப்பது மடங்கு குறைவான உணவு என்பதால், இரண்டு நாளுக்கு ஒருமுறை என்ற பழைய வழக்கம் இங்கே செல்லாது.

செல்கள் திடீரென இறந்துவிடுகின்றன. எங்கே தேட வேண்டும்?

முதலில் காற்றுக் குமிழியைத் தேட வேண்டும். சில்லில் செல் வளர்ப்பைக் கெடுப்பவற்றில் இதற்கு இணை எதுவும் இல்லை. நீரின் பரப்பு இழுவிசையையும் கால்வாயின் உயரத்தையும் வைத்துக் கணக்கிட்டால், குமிழியின் விளிம்பில் செயல்படும் அழுத்தம் ஆயிரம் பாஸ்கல் அளவுக்கு வரும். மேலே சொன்ன தமனித் தகைவைவிட இது பல நூறு மடங்கு. குமிழி ஒருமுறை கடந்து சென்ற தடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், அதன் அகலத்துக்குச் செல்கள் வழித்தெடுக்கப்பட்டு வெறும் தளம் தெரியும். ஓரங்களில் பாதி உரிந்த செல்கள் ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். இந்தக் காட்சி தெரிந்தால் நச்சுத்தன்மையைப் பற்றிய ஐயத்தை ஒத்திவைத்துவிட்டு இணைப்புகளைச் சோதிக்கலாம்.

குமிழி வரும் வழிகள் சில. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஊடகத்தில் அதிக வாயு கரைந்திருக்கும். 37 பாகைக்குச் சூடாகும்போது அது கால்வாய்க்குள்ளேயே பிரிந்து வெளிவரும். எனவே ஊடகத்தை முன்கூட்டியே, மூடியைத் தளர்த்தி, இன்குபேட்டரில் சில மணி நேரம் வைக்க வேண்டும். வெற்றிடத்தில் வாயு நீக்கினால் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து வெளியேறி ஊடகத்தின் காரத்தன்மை உயரும். அப்படிச் செய்தால் மீண்டும் இன்குபேட்டரில் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். முதல் முறை நிரப்பும்போது மூலைகளில் காற்று சிக்காதிருக்க, 70 விழுக்காடு எத்தனாலால் நனைத்துவிட்டு, பிறகு கிருமி நீக்கிய நீராலும் தாங்கல் கரைசலாலும் பலமுறை கழுவலாம். குழாயைச் செருகும்போது நுழைவாயில் ஒரு துளியும் குழாயின் நுனியில் ஒரு துளியும் தொங்க, துளியும் துளியும் தொட்டு இணைய வேண்டும். இந்தக் கைப்பழக்கத்தைச் செல் இல்லாத சில்லில் பலமுறை செய்து பழகிய பிறகே செல்லோடு முயல்வது நல்லது.

அடுத்ததாக ஆவியாதல். பி.டி.எம்.எஸ். வழியே நீராவி வெளியேறும். ஓட்டமற்ற கால்வாயின் 1 மைக்ரோலிட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆவியானால், 300 மில்லி ஆஸ்மோல் (கரைந்துள்ள துகள்களின் செறிவு) இருந்த ஊடகம் 333ஐ எட்டும். செல்கள் சுருங்கத் தொடங்கும். சில்லை ஈரத் துணியோடு மூடிய பெட்டியில் வைப்பதும், மேலே நீர்த்தேக்கம் ஒன்றை வைப்பதும் பயன் தரும். நுண்ணோக்கி மேடையில் நீண்ட நேரம் படம் எடுப்பவர்களுக்கு இது இன்குபேட்டரில் இருப்பதைவிடக் கூடுதல் கவலை.

சிரிஞ்சு பம்பா, அழுத்தப் பம்பா?

ஓட்டத்தின் சராசரி அளவு முக்கியம் என்றால் சிரிஞ்சு பம்பு. ஓட்டத்தை நொடிகளில் மாற்ற வேண்டும், துடிப்பு இருக்கக்கூடாது என்றால் அழுத்தத்தால் இயங்குவது. சிரிஞ்சு பம்பின் மோட்டார் படிப்படியாக நகர்வதால் மெதுவான ஓட்டத்தில் துடிப்பு தெரியும். குறுகிய விட்டமுள்ள சிரிஞ்சைப் பயன்படுத்தினால் அது குறையும்.

பாக்டீரியா ஆய்வில் இதன் பங்கு என்ன?

மிகப் பெரிது. ஒரு சான்றைச் சற்று விரிவாகச் சொல்லலாம். ஈ. கோலை பாக்டீரியா நடுவில் பிளந்து பெருகுவதால், ஒவ்வொரு சேய் செல்லும் ஒரு பழைய முனையையும் ஒரு புதிய முனையையும் பெறுகிறது. பழைய முனையைத் தொடர்ந்து பெறும் செல் மூப்படைகிறதா என்பது கேள்வி. 2005இல் அகார் என்ற கூழ்மப் பரப்பில் செல்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, பழைய முனைச் செல்லின் வளர்ச்சி தலைமுறைதோறும் சற்றுக் குறைவதாகக் காட்டியது. ஆனால் அகாரில் செல்கள் பெருகி நெருக்கிக்கொள்வதால் சில தலைமுறைகளுக்கு மேல் பார்க்க இயலாது.

2010இல் சக்ஜூன் ஜுன்னின் குழு ‘தாய் எந்திரம்’ என்று பெயர் பெற்ற சில்லை உருவாக்கியது. ஒரு பெரிய கால்வாயின் பக்கவாட்டில், ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலமே உள்ள, ஒரு முனை மூடிய ஆயிரக்கணக்கான குறுஞ்சந்துகள். ஒவ்வொன்றின் மூடிய முனையிலும் பழைய முனையைப் பெற்ற தாய் செல் நிலையாக நிற்கிறது. அதன் வழித்தோன்றல்கள் வரிசையாக வாயை நோக்கித் தள்ளப்பட்டுப் பெரிய கால்வாயின் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படுகின்றன. உணவு விரவலால் உள்ளே வருகிறது. நெருக்கடியும் இல்லை, பட்டினியும் இல்லை. இப்படி இருநூறு தலைமுறை அளவுக்குப் பார்த்தபோது தாய் செல்லின் வளர்ச்சி வேகம் குறையாமல் நிலையாக இருந்தது. இறக்கும் வாய்ப்புதான் வயதோடு கூடியது. ஒரே உயிர், ஒரே கேள்வி. சூழலை மாற்றியதும் விடை மாறியது. சில்லின் தேவைக்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

எதிருயிரி மருந்துக்குத் தப்பிப் பிழைக்கும் சிலவகைச் செல்கள் மருந்து வருவதற்கு முன்பே மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தவை என்பதும், 2004இல் நுண்பாய்மச் சில்லில் தனித்தனிச் செல்களைப் பின்தொடர்ந்தே காட்டப்பட்டது.

நரம்பு செல்களுக்கு?

இரு அறைகளை 10 மைக்ரோமீட்டர் அகலமும் 3 மைக்ரோமீட்டர் உயரமும் உள்ள நுண்பள்ளங்களால் இணைத்தால், செல்லின் உடல் அதில் நுழையாது, ஆக்சான் என்ற அதன் நீண்ட இழை மட்டும் நுழைந்து மறுபக்கம் செல்லும். 2005இல் வெளியான இந்த வடிவமைப்பு, ஆக்சானை மட்டும் வெட்டவும் ஆக்சானின் ஆர்.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுக்கவும் வழி செய்தது. ஒரு அறையில் சில பத்து மைக்ரோலிட்டர் கூடுதலாக ஊற்றினால், மட்ட வேறுபாட்டால் எழும் மெல்லிய ஓட்டமே மறு அறையின் மருந்தை இந்தப் பக்கம் வரவிடாமல் தடுக்கும்.

உறுப்புச் சில்லு விலங்குச் சோதனைக்கு மாற்றாகுமா?

உறுப்புச் சில்லு என்பது ஓர் உறுப்பின் செல்களை அதன் சூழலைப் போலவே அமைத்து வளர்க்கும் சில்லு. முழு மாற்றாக இன்றில்லை. சில கேள்விகளுக்கு இப்போதே நல்ல துணை. 2010இல் டான் ஹூ, டொனால்டு இங்பர் ஆகியோர் வெளியிட்ட நுரையீரல் சில்லில், துளைகள் நிறைந்த 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள மெல்லிய படலத்தின் மேல்பக்கம் நுரையீரல் காற்றறைச் செல்களும் காற்றும், கீழ்ப்பக்கம் இரத்தக்குழாய்ச் செல்களும் ஓடும் ஊடகமும் இருந்தன. இருபுறமும் உள்ள வெற்றிட அறைகள் படலத்தை இழுத்து விட, செல்கள் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கின. அந்த அசைவு இருக்கும்போது சிலிக்கா நானோ துகள்களுக்கான அழற்சி எதிர்வினை கூடியது என்பதே அவ்வாய்வின் உயிரான முடிவு. அசையாத தட்டில் இதைக் கண்டிருக்க முடியாது.

2022இல் வெளியான ஓர் ஆய்வு 870 கல்லீரல் சில்லுகளில் 27 மருந்துகளைச் சோதித்து, மனிதக் கல்லீரலைக் கெடுப்பதாகத் தெரிந்த மருந்துகளில் 87 விழுக்காட்டை அடையாளம் கண்டதோடு, தீங்கற்ற எதையும் நச்சு என்று தவறாகச் சொல்லவில்லை. ஊக்கமூட்டும் முடிவுதான், ஆனால் சில்லைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்களே அதை முன்னின்று நடத்தினர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் சட்டம் திருத்தப்பட்டு, புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலை நீங்கியது. விலங்குச் சோதனை தடை செய்யப்படவில்லை. உறுப்புச் சில்லு உள்ளிட்ட பிற சான்றுகளும் ஏற்கப்படலாம் என்ற வாசல் திறந்தது. ஒரு மருந்து கல்லீரலில் மாறி, சிறுநீரகத்தைத் தாக்கி, நோய் எதிர்ப்பு அமைப்பைத் தூண்டும் நீண்ட தொடர்களை இன்றைய சில்லுகள் முழுமையாகக் காட்டுவதில்லை.

துளிகளில் தனிச் செல்லை அடைப்பது எப்படி?

எண்ணெய்க்குள் நீர்த்துளிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் செல்லை அடைக்கலாம். ஒரு துளியின் பருமன் ஏறத்தாழ ஒரு நானோலிட்டர் அல்லது அதற்கும் குறைவு. செல்கள் தற்செயலாக நுழைவதால், சராசரியாகத் துளிக்கு 0.1 செல் என்று வைத்தால் 90 விழுக்காடு துளிகள் வெறுமையாகவும் 9 விழுக்காடு ஒரு செல்லோடும் இருக்கும். இரண்டோ அதற்கு மேலோ கொண்டவை அரை விழுக்காட்டுக்கும் குறைவு. வெற்றுத் துளிகளின் இந்த வீணடிப்பு, தூய தரவுக்குக் கொடுக்கும் விலை. 2015 முதல் பரவிய தனிச் செல் ஆர்.என்.ஏ. வரிசையறிதல் முறைகள் பல இதையே அடிப்படையாகக் கொண்டவை.

எப்போது சில்லைத் தவிர்க்க வேண்டும்?

அதிகப் புரதமோ ஆர்.என்.ஏ.வோ வேண்டும்போது. ஒரு கால்வாயில் 10,000 செல்கள்தான். புரதப் பகுப்பாய்வுக்கு லட்சக்கணக்கில் வேண்டியிருந்தால் பல பத்துச் சில்லுகளை ஒன்றுசேர்க்க நேரும். செறிவும் நேரமும் ஓட்டமும் உங்கள் கேள்வியில் இடம்பெறாதபோதும் சில்லு வேண்டாம்; புதுமைக்காகச் சில்லில் செய்த சோதனை, தட்டில் செய்ததைவிட அதிகப் பிழை வழிகளை மட்டுமே கொண்டுவரும்.

புதிதாகத் தொடங்கும் ஆய்வகம் எதிலிருந்து தொடங்கலாம்?

கடையில் கிடைக்கும் நேர்க் கால்வாய் பிளாஸ்டிக் சில்லு ஒன்றும், நீங்கள் ஏற்கெனவே நன்கு அறிந்த, எளிதில் சாகாத செல் வகை ஒன்றும் போதும். முதலில் நிறச் சாயம் கலந்த நீரை ஓடவிட்டுக் கசிவைப் பார்க்க வேண்டும். பிறகு பம்பு எதுவும் இல்லாமல், நுழைவாயிலும் வெளிவாயிலும் சிறு தேக்கங்களை வைத்து, மட்ட வேறுபாட்டால் மட்டும் ஊடகத்தை மெல்ல நகர்த்தி மூன்று நாள் வளர்க்க வேண்டும். அதே நாளில், அதே குடுவையிலிருந்து எடுத்த செல்களைத் தட்டிலும் விதைத்து, உயிருள்ள செல்களின் விகிதத்தை இரண்டிலும் நாள்தோறும் எண்ண வேண்டும். இரண்டு எண்களும் மூன்று முறை திரும்பச் செய்தும் ஒத்து வந்த பிறகு பம்பை இணைக்கலாம். ஒத்து வராத வரை, செல்லில் தெரியும் எந்த மாற்றத்தையும் உங்கள் மருந்தின் விளைவு என்று எழுதக்கூடாது.